ஒரு தேங்காய், இரண்டு மா: யாழ்ப்பாணக் காலைச் சாப்பாட்டை வீட்டில் ஆக்குவது எப்படி?

இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பைகள் கழுவிக்கொண்டிருக்கும்போது யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு கேள்வி வரும். "நாளைக்குக் காலமை என்ன? புட்டோ, இடியப்பமோ?" கேட்பவர் ஏதோ பெரிய தெரிவு செய்வதுபோலக் கேட்பார். பதில் சொல்பவரும் கொஞ்சம் யோசிப்பார். உண்மையில் இரண்டும் ஒரே மாதான். தண்ணீரின் சூடும் பிசைகிற விதமும்தான் வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் யாழ்ப்பாணக் காலைச் சாப்பாட்டில் பாதி பிடிபட்டுவிடும். மற்றப் பாதி தேங்காய்.

இதை நான் படித்தது முப்பது வயதுக்குப் பிறகு. கிணற்றடியில் வழுக்கி அம்மாவின் வலது கை முறிந்தது. ஆறு கிழமை மாக்கட்டு. அதுவரை குசினியில் என் வேலை தேங்காய் உடைப்பதும், ஆக்கிய சட்டிகளைத் திறந்து பார்ப்பதும்தான். அந்த ஆறு கிழமையும் அம்மா குசினி வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு இருந்துகொண்டு வாயால் சமைத்தார்; கைகள் என்னுடையவை. கீழே இருப்பதெல்லாம் அந்த முக்காலியிலிருந்து வந்தது. நாலு பேருக்கான அளவுகள். 'பேணி' என்று நான் எழுதுவது தேத்தண்ணி குடிக்கிற சாதாரணப் பேணி. உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதையே கடைசிவரை பிடியுங்கள், விகிதம் மாறாது.

முதலில் மா

காலையில் அவசரப்படாமல் சமைக்க வேண்டும் என்றால் மா வேலையை ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட வேண்டும். இரண்டு வகை வேண்டும்: வறுத்த அரிசி மா, அவித்த கோதுமை மா.

அரிசி மாவுக்குச் சிவப்புப் பச்சையரிசி நல்லது. ஊர் நெல் கிடைத்தால் மொட்டைக்கறுப்பனோ பச்சைப்பெருமாளோ எடுங்கள், வாசமே வேறு. 2 கிலோ அரிசியைக் கழுவி மூன்று நான்கு மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஒரு அரிசியை நகத்தால் அமத்தினால் உடைய வேண்டும், அதுதான் பதம். தண்ணீரை வடித்து, துணியில் அரை மணித்தியாலம் பரப்பி, ஈரப்பதம் இருக்கும்போதே மில்லுக்குக் கொண்டுபோங்கள். முற்றாகக் காய்ந்தால் மா சொரசொரவென்று வரும். சொட்டச் சொட்டக் கொண்டுபோனால் மில்காரர் பேசுவார்.

இடித்து வந்த ஈர மாவை அன்றைக்கே வறுக்க வேண்டும். வைத்திருந்தால் புளித்துவிடும். அகலமான தாச்சி, மெல்லிய நெருப்பு, கை விடாமல் கிளறல். முதலில் மா கட்டி கட்டியாக உருளும், ஆவி வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆவி அடங்கும், கட்டிகள் தாமாக உதிரும், தாச்சியில் அகப்பை போகும்போது மா தண்ணீர்போல வழுக்கும். அந்த நேரம் ஒரு நுள்ளு எடுத்து நிலத்தில் கோலம்போல ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு அறாமல் விழுந்தால் இறக்குங்கள். நிறம் மாறும்வரை வறுக்கக் கூடாது. வறுப்பது ஈரத்தையும் பச்சை மணத்தையும் போக்குவதற்குத்தான். கருகினால் புட்டு கசக்கும், இடியப்பம் இழை பிடிக்காது. சூடு ஆறியதும் அரிதட்டால் அரித்து, மேலே நிற்கும் கப்பியைத் தனியே எடுத்து வையுங்கள். அப்பத்துக்கு உதவும். மா காற்றுப் புகாத தகரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்.

கோதுமை மா விஷயம் வேறு. பழைய ஆட்கள் இன்னும் இதை 'அமெரிக்கன் மா' என்றுதான் சொல்வார்கள். பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் அதிலுள்ள குளூட்டன் இழுபட்டு, றொட்டிக்குக் குழைத்ததுபோல ஒரே உருண்டையாகிவிடும். ஆவியில் அவித்தால் அந்தப் புரதம் வெந்து இழுவைத்தன்மை போய்விடுகிறது. பிறகு அது அரிசி மாபோல நடந்துகொள்ளும், உதிரும், பிழியவும் விடும். இவ்வளவுதான் காரணம். 1 கிலோ மாவைச் சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, நீராவியில் முக்கால் மணித்தியாலம் வையுங்கள். ஆவித்தண்ணீர் மாவில் சொட்டாமல் மூடியின் உட்பக்கம் இன்னொரு துணி கட்டலாம்.

இறக்கியதும் செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அவித்த மா சூட்டோடு இருக்கும்போதே பேணியின் அடியால் உடைத்து அரிக்க வேண்டும். முதல் முறை நான் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்த ஆளோடு படலையில் நின்று கதைத்தேன். திரும்பி வந்தபோது துணிக்குள் கல் இருந்தது. அம்மா முக்காலியில் இருந்து சொன்னார், "அதை மதிலுக்கு வை, வீடு கட்ட உதவும்." அம்மியில் போட்டு உடைத்து அரைவாசியைத்தான் மீட்டேன்.

கடையில் வறுத்த அரிசி மாவும் பைக்கற்றில் கிடைக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது போதும், நானும் வாங்குகிறேன். ஆனால் வாங்கிய அன்றே திறந்து மணந்து பாருங்கள். ஒருமுறை நான் வாங்கிய பைக்கற் பழசு. கக்கல் மணம் சொதியையும் தாண்டி மூக்கில் ஏறியது. மணம் சரியென்றால் தாச்சியில் ஐந்து நிமிடம் மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டால் பாதி வீட்டு மாவாகிவிடும்.

தேங்காயைப் பங்கு போடுதல்

நடுத்தரமான ஒரு முற்றின தேங்காயில் ஏறத்தாழ மூன்று பேணி தேங்காய்ப்பூ வரும். ஒன்று புட்டுக்கு, ஒன்று சம்பலுக்கு, ஒன்று பாலுக்கு. தேங்காய் விற்கிற விலையில் இந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆனால் எந்தப் பூ எதற்கு என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. திருவலையில் முதலில் விழும் பூ வெள்ளை வெளேரென்று இருக்கும், அது புட்டுக்கு. நடுவில் வருவது பாலுக்கு. கடைசியில் சிரட்டையோடு உரசி மண்ணிறத் துகள் கலந்து வருவது சம்பலுக்கு. செத்தல் மிளகாயின் சிவப்பில் அது தெரியப்போவதில்லை.

பாலுக்கு எடுத்த பூவில் அரைப் பேணி இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, கையால் நன்றாகக் கசக்கிப் பிழிந்தால் முதற்பால். அதைத் தனியே வையுங்கள். அதே சக்கையில் இரண்டு பேணி தண்ணீர் விட்டுப் பிழிவது இரண்டாம் பால். சிலர் மூன்றாம் தரமும் பிழிவார்கள். அது பாலின் நினைவு மட்டும்தான். சக்கையைக் கோழிக்குப் போடலாம்.

புட்டு

இரண்டு பேணி வறுத்த அரிசி மா, ஒரு பேணி அவித்த கோதுமை மா, ஒரு தேக்கரண்டி உப்பு. அகலமான சட்டியில் போட்டு வறட்டாகவே கலவுங்கள். தனி அரிசி மாவில் செய்யலாம், சுவை கூட. ஆனால் ஆறினால் விறைக்கும். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குக் கோதுமை மா கலந்ததுதான் சரி. தனிக் கோதுமை மாப் புட்டு பஞ்சுபோல இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

தண்ணீர் கொதித்து இறங்கி ஒன்றிரண்டு நிமிடம் ஆனதாக இருக்க வேண்டும். மூன்று பேணி மாவுக்கு ஒன்றரைப் பேணி வரை பிடிக்கும். ஆனால் அந்தக் கணக்கை நம்பி ஒரேயடியாக விடாதீர்கள். மா பழசு புதுசு, அரிசி வகை, மழைக்காலம் எல்லாம் தண்ணீரைக் கூட்டும் குறைக்கும். ஒரு கையால் கொஞ்சங்கொஞ்சமாகத் தெளித்து, மற்றக் கையால் அகப்பைக் காம்பைப் பிடித்துக் கிளற வேண்டும். முக்காலியிலிருந்து உத்தரவு இப்படி வரும்: "ஊத்தாதை, தெளி. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்... போதும் எண்டுறன்!"

எது போதும்? ஒரு பிடி எடுத்துக் கைக்குள் பொத்துங்கள். கொழுக்கட்டைபோலப் பிடிபட வேண்டும். பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து விழ வேண்டும். பிடிபடாவிட்டால் தண்ணீர் காணாது. தட்டியும் உடையாவிட்டால் கூடிவிட்டது. கூடினால் பதற வேண்டாம், இன்னொரு கை வறட்டு மாவைத் தூவினால் சரிவரும்.

இனித்தான் யாழ்ப்பாணப் புட்டின் அடையாளம். குழைத்த மாவில் பெரிதும் சிறிதுமாக உருண்டைகள் இருக்கும். வாய் கூர்மையான ஒரு சுண்டுப் பேணியைக் கவிழ்த்துப் பிடித்து, அந்த விளிம்பால் மாவைக் கொத்த வேண்டும். பழைய பால்மாத் தகரமும் இதற்குத் தோது. சட்டியைச் சுற்றிச் சுற்றி, கர் கர் என்று. அமத்திக் கொத்தினால் மா நசிந்து ஒட்டும். மேலிருந்து நேரே விழுத்தி எடுத்தால் வெட்டுப்படும். இரண்டு மூன்று நிமிடத்தில் உருண்டைகள் எல்லாம் மிளகு அளவுக்கு வந்துவிடும், சில குன்றிமணி அளவில் நிற்கும். அந்தச் சமமின்மை இருக்கட்டும். அரிதட்டில் தேய்த்து ஒரே அளவாக எடுத்த புட்டு வாயில் மண்போல இருக்கும். கொத்தி முடிந்ததும் தேங்காய்ப்பூவைச் சேர்த்து விரல் நுனியால் மெல்லப் பிரட்டுங்கள்.

அவிக்க நீத்துப்பெட்டி இருந்தால் அதைவிட வேறொன்றும் தேவையில்லை. பனையோலையில் கூம்பாக இழைத்த பெட்டி, பானை வாயில் கூர்ப்பக்கம் கீழே இறங்கி இருக்கும். புதுப் பெட்டி என்றால் முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெறும் பெட்டியை ஒருமுறை ஆவியில் வைத்து எடுங்கள். பச்சை ஓலை வாசம் குறைந்து, நல்ல ஓலை வாசம் மட்டும் நிற்கும். மாவை உதிரியாகக் கொட்டுங்கள், அமத்தக் கூடாது. ஆவி போக வழியில்லாவிட்டால் நடு மா வேகாது. பெட்டிக்கும் பானைக்கும் இடையில் ஆவி கசிந்தால் ஈரத்துணியால் சுற்றி அடையுங்கள். மூடியின் மேலால் ஆவி நன்றாக வரத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம். புட்டுக்குழல் உள்ளவர்கள் தேங்காய்ப்பூ ஒரு அடுக்கு, மா ஒரு அடுக்கு என்று போடலாம். குழலுக்கு ஐந்தாறு நிமிடம் போதும்.

2022இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் பின்வளவு அடுப்பு மறுபடி எரிந்தது. பனைமட்டை, கொக்கறை, பாளை என்று கிடைத்ததை எல்லாம் வைத்தோம். அந்த நெருப்பில் ஏறிய ஆவியில் புட்டு எட்டு நிமிடத்தில் வெந்தது. இப்போது காஸ் இருக்கிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் புட்டு வெளியடுப்பில்தான்.

இடியப்பம்

அதே மா, அதே விகிதம். ஆனால் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். இறக்கி வைத்து ஆறிய தண்ணீர் புட்டுக்கு, கொதிக்கக் கொதிக்க விடுகிற தண்ணீர் இடியப்பத்துக்கு. அந்தச் சூட்டில் மாச்சத்து வெந்து பசையாகிறது. அந்தப் பசை இல்லாவிட்டால் உரலில் இருந்து இழை வராது, துண்டு துண்டாக விழும்.

மூன்று பேணி மாவுக்கு இரண்டரையிலிருந்து மூன்று பேணி வரை. இதையும் மூன்று தரமாக விடுங்கள். கை வைத்தால் வெந்துவிடும், அதனால் அகப்பைக் காம்பால் குழைத்து, கொஞ்சம் சூடு தணிந்ததும் கையை நனைத்துப் பிசையுங்கள். பதம் காதுச்சோணை அளவு மென்மை. மா சூட்டோடு இருக்கும்போதே பிழிய வேண்டும். முழுவதையும் வெளியே வைக்காமல் ஈரத்துணியால் மூடி, உரலுக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.

இடியப்ப உரலை அமத்தும்போது தோள்மூட்டு நொந்தால் மா இறுக்கம். ஒரு மேசைக்கரண்டி கொதிநீர் தெளித்துப் பிசையுங்கள். இழைகள் தட்டில் விழுந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்தால் தளர்வு, கொஞ்சம் மா சேருங்கள். தட்டில் வெளியிலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டு வாருங்கள். மெல்லிய இரண்டு சுற்று போதும். மூன்றாவது சுற்று போட்டால் நடுவில் களியாக இருக்கும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஏழெட்டு நிமிடம். இழையைத் தொட்டால் விரலில் ஒட்டாது, அப்போது இறக்குங்கள். உடனே பெயர்க்காதீர்கள். ஒரு நிமிடம் காற்றாடவிட்டால் தட்டைக் கவிழ்த்ததும் முழுதாக விழும்.

சொதி

சொதி லேசான சாமான், அதனாலேயே கெட்டுப்போகும். இரண்டாம் பாலில் நீளமாக வெட்டிய ஒரு வெங்காயம், கீறின பச்சை மிளகாய் நாலு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள் ஒரு நுள்ளு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, உப்பு. வெங்காயம் கண்ணாடிபோல ஆகும்வரை வேகட்டும். விரும்பினால் தக்காளி ஒன்று, அல்லது அவித்த உருளைக்கிழங்கு.

பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை விடுங்கள். இங்கேதான் கண் தேவை. தேங்காய்ப்பால் நன்றாகக் கொதித்தால் திரண்டு, எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகிவிடும். அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள். நாங்கள் இதை 'ஆற்றுதல்' என்போம். ஓரத்தில் சின்னக் குமிழி வந்து நுரை எழும்பப் பார்க்கும் நேரம், அதுதான் நேரம், இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி இறக்கி இரண்டு நிமிடத்துக்குப் பிறகு. அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் திரைவது நிச்சயம். எனக்கு மூன்று நாள் தொடர்ந்து திரைந்தது. நாலாம் நாள் அம்மா முக்காலியை அடுப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, முறியாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தே ஆற்றினார்.

வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாக் காலமும் தவிர்ந்த நாட்களில் இதற்குள் மீன்தலை போடலாம், முட்டை உடைத்து ஊற்றலாம். முட்டை ஊற்றினால் கிளறாமல் விடுங்கள், தானாகக் கட்டிபடும்.

சம்பல்

எட்டுப் பத்துச் செத்தல் மிளகாயை ஒரு சொட்டு எண்ணெயில் பொரித்து எடுங்கள். கறுக்கவிட வேண்டாம். உரலில் மிளகாயும் உப்பும் முதலில். இரண்டும் நொருங்கிய பிறகு தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை, நெல்லிக்காய் அளவு பழப்புளி. தேங்காய் சிவந்து, உலக்கையில் எண்ணெய்ப்பசை தெரியும்வரை இடியுங்கள். சின்ன வெங்காயம் கடைசியில், இரண்டு மூன்று இடி, அவ்வளவுதான். வெங்காயத்தை முதலே போட்டால் தண்ணீர் விட்டுச் சம்பல் நசநசத்துப்போகும். பழப்புளிக்குப் பதில் தேசிக்காய் விடுவதென்றால் உரலை விட்டு எடுத்த பிறகு விடுங்கள்.

மிக்சியில் செய்யலாமா? செய்யலாம். தண்ணீர் விடாமல், விட்டு விட்டு, நாலு சுற்றுக்கு மேல் போகாமல். தொடர்ந்து ஓடவிட்டால் அது சட்னி. சட்னி தோசைக்கு நல்லது, இடியப்பத்துக்கு வேண்டாம்.

எது எதோடு

இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும். இதில் வாதம் இல்லை. புட்டுக்குத்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி. என் கட்சி: முதல்நாள் மீன்குழம்பை மண்சட்டியில் வைத்துத் தண்ணீர் வற்றச் சுண்டவிட்டு, அந்தச் சட்டிக்குள்ளேயே ஒரு கை புட்டைப் போட்டுத் துடைத்துச் சாப்பிடுவது. மரக்கறி நாளில் கத்தரிக்காயைப் பொரித்துப் பாலில் போட்ட கறி. அதுவும் இல்லாத நாளில் முட்டைப் பொரியல்.

கறியே வேண்டாத வழியும் இருக்கிறது. வைகாசி, ஆனி மாதங்களில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும்போது புட்டும் மாம்பழமும்தான் காலைச் சாப்பாடு. தோலைச் சீவி, சதையைப் புட்டோடு கையால் பிசைந்து, கொட்டையைக் கடைசியில் சூப்புவது. மாம்பழம் இல்லாத மாதங்களுக்கு நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களின் வாழைப்பழம். கதலியோ இதரையோ, நன்றாகக் கனிந்ததாக இருக்க வேண்டும். கொஞ்சம் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்தால் பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள்.

வேறு மாக்கள்

அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் குரக்கன் புட்டு. குரக்கன் மாவுக்குக் கொதிதண்ணீர் வேண்டாம், பச்சைத்தண்ணீரே போதும், அளவும் குறைவு. தனிக் குரக்கன் தொண்டையில் நிற்கிறது என்பவர்கள் கால்வாசி அரிசி மா கலக்கலாம். தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கூட்டுங்கள். முருங்கையிலை, அல்லது பொடியாக அரிந்த கீரை, கூடவே நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து அவித்தால் அதற்குக் கறி தேவையில்லை.

ஒடியல் புட்டு ஒரு தனிச் சாதி. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். புட்டுக்கு முதலாவதன் மா. இது கசக்கும், அதனால் நேரே குழைக்கக் கூடாது. நிறையத் தண்ணீரில் கரைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, இப்படி இரண்டு மூன்று தரம் செய்து துணியில் இறுக்கிப் பிழிந்தால் புட்டுக்கான ஈரம் தானாகவே வந்துவிடும். அதை உதிர்த்து, தேங்காய்ப்பூ, கீரை, பச்சை மிளகாய், விருப்பமானால் சின்ன இறாலோடு அவியுங்கள். வீட்டில் ஒடியல் இல்லாதவர்கள் 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் 'கற்பகம்' விற்பனை நிலையத்தில் மா கேட்டுப் பாருங்கள். முதல்முறை சாப்பிடுகிறவருக்கு இது பிடிக்காமல் போகலாம். இரண்டாம் முறையும் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

தோசை நாள்

புட்டும் இடியப்பமும் அலுத்தால் தோசை. எங்கள் தோசை மஞ்சளாக, தடிப்பாக, மெதுமெதுவென்று இருக்கும். மொறுமொறுவென்று தாள்போல எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் ஏமாறுவார்கள்.

ஒரு பேணி உழுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் நாலைந்து மணித்தியாலம் ஊற வேண்டும். நுரை எழும்ப அரைத்து, தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த இரண்டு பேணி கோதுமை மாவைச் சேர்த்து, கையால் அடித்துக் கலந்து இரவு மூடிவையுங்கள். இதற்கு அவித்த மா வேண்டாம், பச்சை மாதான். எங்கள் வெக்கையில் எட்டு மணித்தியாலத்தில் பொங்கிவிடும். மார்கழி, தையில் இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடப் பிடிக்கும், அடுப்படியில் வையுங்கள். பாத்திரம் அரைவாசிக்கு மேல் நிறையக் கூடாது. ஒருநாள் காலையில் என் தோசை மா மேசையிலிருந்து இறங்கி வாசல்வரை போயிருந்தது.

காலையில் எண்ணெயில் கடுகு, சின்னச்சீரகம், துண்டாக்கிய செத்தல் மிளகாய், பொடியாக வெட்டிய வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து மாவில் கொட்டிக் கலவுங்கள். யாழ்ப்பாணத் தோசையின் குணம் அந்தத் தாளிதத்தில்தான் இருக்கிறது. கல்லில் ஊற்றி அதிகம் தேய்க்காமல் விடுங்கள், மேலே கண் கண்ணாகத் திறந்ததும் திருப்புங்கள். துணைக்கு, மேலே சொன்ன சம்பலையே தண்ணீர் விட்டு அரைத்தது.

காலை நேரக் கணக்கு

ஏழேகாலுக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டியவருக்கு இது நடக்குமா என்று கேட்பார்கள். நடக்கும். ஐந்தே முக்காலுக்குப் பானையில் தண்ணீரை அடுப்பேற்றிவிட்டுத் தேங்காய் திருவத் தொடங்குங்கள். தண்ணீர் கொதிக்கும்போது திருவலும் முடியும். மாவைக் குழைத்துக் கொத்திப் பெட்டியில் போட ஆறு பத்து. அது அவியும் பத்து நிமிடத்தில் பால் பிழிந்து, வெங்காயம் வெட்டி, சொதியை ஏற்றலாம். சம்பல் இடிக்க ஐந்து நிமிடம். ஆறரைக்கு மேசையில் இருக்கும். இடியப்பம் என்றால் பிழிகிற நேரம் இருபது நிமிடம் கூடும், அல்லது பிழிய இன்னொரு ஆள் வேண்டும். தேங்காயை இரவே திருவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறவர்கள் உண்டு. புட்டுக்குப் பரவாயில்லை, சொதிக்கு அந்தப் பால் இறுகிப்போய் நிற்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஊறவிட்டுப் பிழியுங்கள்.

பாண் வாங்கிச் சம்பலோடு சாப்பிடும் காலைகளும் இருக்கின்றன. அதில் குறையொன்றும் இல்லை.

மிஞ்சினால்

இடியப்பம் மிஞ்சினால் உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, முட்டை ஒன்றை உடைத்துப் போட்டுப் பிரட்டுங்கள். இரவுக்கு ஆகும். புட்டையும் அப்படியே செய்யலாம், ஆனால் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் வைத்தால்தான் இளகும். மீந்த சொதியை மறுபடி சூடாக்க வேண்டாம், திரையும். பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள்.

நீத்துப்பெட்டிக்குச் சவர்க்காரம் போடாதீர்கள், ஓலை அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் தேங்காய்த் தும்பால் உரஞ்சி, ஓலை மடிப்புகளுக்குள் நிற்கும் மாவை ஈர்க்கால் கிளறி எடுத்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததும் அடுப்புக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கட்டும்.